புல்லில் பதியும் முகங்கள்: பச்சையமும் இரு கலைஞர்களும்

ஒளிப்படம் என்றவுடன் வெள்ளி உப்புப் பூசிய தாளோ கேமராவுக்குள் இருக்கும் மின்னணு உணரியோ நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் ஒளி பட்டதும் நிறம் மாறுகின்ற எந்தப் பொருளும், அம்மாற்றம் ஒளியின் அளவுக்கேற்பக் கூடியும் குறைந்தும் நிகழுமானால், படத்தை ஏற்கும் தகுதி உடையதே. விதையிலிருந்து வெளிவந்து சில நாள்களே ஆன புல் அத்தகைய ஒரு பொருள் என்பதைக் கண்டுகொண்டு, அதையே தங்கள் ஊடகமாக்கிக் கொண்டவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெதர் அக்ராய்ட், டான் ஹார்வி என்னும் இணைக் கலைஞர்கள். 1990 முதல் சேர்ந்து இயங்கிவரும் இவ்விருவரும் மனித முகங்களையும் உருவங்களையும், பல வேளைகளில் ஆளுயரத்தை விஞ்சும் அளவில், உயிருள்ள புல்லின் மீதே பதித்துக் காட்சிக்கு வைக்கின்றனர். தாவரங்களால் ஈர்க்கப்பட்ட கலைஞர்களில் மிகப் பெரும்பாலோர் இலையின் விளிம்பையும் இதழின் மடிப்பையும், அதாவது தாவரத்தின் வடிவத்தையே எடுத்தாள்கின்றனர். இவர்களோ வடிவத்தைப் புறந்தள்ளி, கண்ணுக்குத் தெரியாத உடலியங்கியலைக் கையில் எடுத்தவர்கள் என்பதால், இவர்களுடைய படைப்புகளைப் புரிந்துகொள்ள ஓவிய மரபைவிடத் தாவரவியலே கூடுதலாக உதவுகிறது.

செய்முறை கேட்பதற்கு எளிதானது. செங்குத்தாக நிறுத்திய பரப்பின் மீது சணல் துணி விரித்து, களிமண் குழம்பு பூசி, முளைகட்டிய புல் விதைகளை இடைவெளியின்றி நெருக்கமாக அப்பி, நாள்தோறும் நீர் தெளித்து, அறை முழுவதையும் இருட்டாக்கிவிடுகின்றனர். பின்னர் ஒளிவீச்சுக் கருவியின் வழியாக ஒரு நெகட்டிவ் படம் அப்பரப்பின் மீது தொடர்ந்து பாய்ச்சப்படுகிறது. அந்த அறையில் விதைகளுக்குக் கிடைக்கும் ஒளி அது ஒன்றே. சுமார் ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ கடந்தபின் கருவியை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஒளி மிகுதியாக விழுந்த இடங்களில் அடர் பச்சையும், குறைவாக விழுந்த இடங்களில் இளம் பச்சையும், விழாத இடங்களில் மஞ்சளுமாகப் புல் நின்று, சற்றுத் தொலைவிலிருந்து நோக்குபவருக்கு ஒரு முகமாகத் திரண்டு தெரிகிறது. அருகே சென்றால் முகம் கலைந்து, ஒவ்வொரு தாளும் தனித்தனியே, நுனியில் பச்சை ஏறியதும் அடியில் வெளிறியதுமாக, எழுந்து வளைந்து நிற்பதே தெரியும். செங்குத்துப் பரப்பில் வளரும் புல், எதிரே உள்ள ஒளியை நோக்கி வளைவதும் புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கித் திரும்புவதுமாகிய இரு தூண்டல்களுக்கு ஒருசேர உட்படுவதே அந்த வளைவுக்குக் காரணம். முளைப்புல் ஒளியை நோக்கித் திரும்புவதைச் சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிசுடன் சேர்ந்து ஆராய்ந்து 1880-இல் வெளியிட்டது அறிவியல் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி.

இருட்டில் முளைத்த பயிர் மஞ்சளாக இருக்கும் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதன்று. மாரியம்மன் திருவிழாக்களில் பெண்கள் தலையில் சுமந்து செல்லும் முளைப்பாரி, வெயில் படாத அறையில் வளர்க்கப்படுவதனாலேயே அந்த வெளிர்மஞ்சள் நிறத்தையும் நீண்டு மெலிந்த தண்டையும் பெறுகிறது. அக்ராய்டும் ஹார்வியும் வளர்க்கும் புல்லின் ஒளி படாத பகுதிகள் உயிரியல் நோக்கில் முளைப்பாரியே அன்றி வேறல்ல. ஆயினும் அந்த மஞ்சளைப் பசுமையின் இன்மை என்று மட்டும் கொள்வது முழு உண்மையாகாது. இருட்டில் வளரும் இலையின் உயிரணுக்களில், பின்னாளில் ஒளிச்சேர்க்கை நிகழவிருக்கும் பசுங்கணிகங்களின் முன்வடிவங்கள் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. அவற்றுள் கரோட்டினாய்டுகள் என்னும் மஞ்சள் நிறமிகளும், பச்சையமாக மாறுவதற்கு ஓரிரு படிகள் மட்டுமே எஞ்சியிருக்கும் ஒரு முன்னோடிச் சேர்மமும் காத்திருக்கின்றன. அம்முன்னோடியின் பெயர் புரோட்டோகுளோரோபில்லைடு. அதனுடன் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்க்கும் நொதி, ஒளியை உட்கொண்டால் மட்டுமே வேலை செய்யும் இயல்புடையது. எனவே ஒளி படும்வரை அந்தப் படி தடைபட்டு நிற்கிறது, ஒளி பட்டதும் தடை நீங்குகிறது, சில மணி நேரத்துக்குள் இலை கண்ணறியப் பச்சையாகத் தொடங்குகிறது. கரோட்டினாய்டுகள் அப்போதும் அங்கேயே இருக்கின்றன. பச்சையத்தின் அடர்த்தி அவற்றை மறைத்துவிடுகிறது, அவ்வளவே.

இந்த நொதியின் ஒளிச்சார்பே புல்லை ஒளிப்படத் தாளாக்குகிறது. எல்லாத் தாவரங்களும் இத்தகையவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: பைன் முதலான பல கூம்பு மரங்களிடம் இருட்டிலும் அதே வினையைச் செய்யவல்ல மற்றொரு நொதி இருப்பதால் அவற்றின் நாற்றுகள் இருளிலேயே ஓரளவு பசுமை பெற்றுவிடும், பூக்கும் தாவரங்கள் பரிணாமப் பாதையில் அந்நொதியை இழந்துவிட்டன. பைன் நாற்றுகளைக் கொண்டு இவர்கள் முயன்றிருந்தால் மங்கலான படமே கிடைத்திருக்கும்.

நெகட்டிவ் ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒளி மிகுந்த இடம் அடர் பச்சையாகி, பார்வைக்கு இருண்டு தெரிகிறது. ஒளி அற்ற இடம் மஞ்சளாக, வெளிச்சமாகத் தெரிகிறது. முகத்தின் நெற்றி வெளிச்சமாகவும் கூந்தல் இருட்டாகவும் தோன்ற வேண்டுமானால், நெற்றியில் இருளையும் கூந்தலில் ஒளியையும் பாய்ச்சியாக வேண்டும். வெள்ளி உப்புத் தாளில் படம் அச்சிட்ட பழைய ஒளிப்படக் கலைஞர்கள் பின்பற்றியதும் இதே தலைகீழ் முறைதான். இதைவிட வியப்பானது, இருளில் நிற்கும் மஞ்சள் புல்லும் ஒளியில் நிற்கும் பச்சைப் புல்லோடு சேர்ந்து வளர்கிறது என்பது. முளைக்கும் காலத்தில் புல்லுக்கு உணவளிப்பது ஒளிச்சேர்க்கை அன்று. விதைக்குள் தாய்ச்செடி சேமித்து வைத்த மாவுப்பொருளே. அச்சேமிப்பு உள்ள வரையில் மஞ்சள் தாள்களும் நிமிர்ந்து நிற்கும். அது தீர்ந்ததும் பச்சையம் இல்லாத அவை பட்டினியால் மடியும். ஆகவே படம் உருவாவதற்கும் உயிரோடு இருப்பதற்கும் உரிய கால எல்லையை, கலைஞர்கள் அன்றி, ஒரு புல் விதைக்குள் இருக்கும் மாவின் அளவே முடிவு செய்கிறது.

இம்முறை இவர்களுக்குத் தற்செயலாகவே கிடைத்தது. இத்தாலியின் லிகூரியப் பகுதியில், 1887-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்து, பிற்காலத்தில் கலைஞர்கள் குடியேறிய புசானா வெக்கியா என்னும் மலையூரில், 1990-இல் ஒரு கட்டடத்தின் உட்சுவர்களில் இருவரும் புல் வளர்த்தபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏணியை அகற்றியதும் அதன் நிழல் விழுந்த இடம் மட்டும் வெளிறி, ஏணியின் வடிவமாகப் புல்லில் நின்றது. தோட்டத்தில் பலகையோ கல்லோ கிடந்த இடத்தில் புல் மஞ்சளாவதைப் பார்க்காதவர் இல்லை; அதில் படம் எடுக்கும் வழியைக் கண்டதே இவர்களின் தனித்தன்மை.

இலையில் படம் பதிக்கும் முயற்சிக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஒளி பட்ட இலைப்பகுதியில் மட்டுமே மாவுப்பொருள் சேர்கிறது என்பதை ஜெர்மானியத் தாவரவியலர் யூலியஸ் சாக்ஸ் 1860-களில் நிறுவினார். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடிவைத்து, பின்பு அயோடின் கரைசலில் இடும் பள்ளிச் சோதனை அதன் வழிவந்ததே. ஆஸ்திரியத் தாவரவியலர் ஹான்ஸ் மோலிஷ் 1914-இல் அதே சோதனையை ஒரு படி முன்னெடுத்து, உயிருள்ள இலையின் மேல் நெகட்டிவை வைத்து வெயில் காட்டி, அயோடினில் நனைத்து, இலையில் மனித உருவத்தையே தோன்றச் செய்தார். மோலிஷின் படம் மாவுப்பொருளால் ஆனது. அதை வெளிக்கொணர இலையைக் கொன்று, பச்சையத்தை நீக்கியாக வேண்டும். வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பின் டான் என்னும் இன்றைய கலைஞரோ, இலையின் மேல் பாசிட்டிவ் படத்தாளை வைத்து நெடுநேரம் வெயிலில் காயவிட்டு, மிகையான ஒளி பச்சையத்தைச் சிதைப்பதன் மூலம், வியட்நாம் போரிலும் கம்போடியப் படுகொலையிலும் மாண்டவர்களின் முகங்களை இலைகளில் பதிக்கிறார். ஒளி பச்சையத்தை ஆக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும் என்பதற்கு அக்ராய்ட்–ஹார்வியின் புல்லும் பின் டானின் இலையும் இரு எதிரெதிர்ச் சான்றுகள்.

புல் படங்களின் பெருங்குறை அவற்றின் நிலையாமை. காட்சிக் கூடத்தின் பொது வெளிச்சம் பட்டால் மஞ்சள் தாள்களும் பச்சையாகத் தொடங்குகின்றன. அதைத் தவிர்க்க வெளிச்சத்தைக் குறைத்தால், பச்சைத் தாள்கள் நாளடைவில் மூப்படைந்து மஞ்சளாகின்றன. எப்பக்கம் சென்றாலும் இரு நிறங்களுக்கிடையே உள்ள வேறுபாடு கரைந்து, முகம் மறைகிறது. புல்லை உலர்த்தி வைத்தாலும் உலரும் போக்கிலேயே பச்சையத்தின் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. மறைவதே படைப்பின் பொருள் என்று கூறித் தத்துவம் பேசியிருக்க இவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. அவ்வாறு நின்றுவிடாமல், பச்சையம் ஏன் சிதைகிறது என்ற கேள்வியோடு அறிவியலரை நாடியதே இவர்களின் பணியில் மிகச் சிறந்த முடிவு எனலாம். வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் இருந்த புல்வெளி மற்றும் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தில் ஹோவர்ட் தாமஸ், ஹெலன் ஓகம் ஆகிய தாவர அறிவியலர்கள் இலை மூப்படைதலையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டிருந்தனர். 1990-களின் பிற்பகுதியில் கலைஞர்களுக்கும் அவர்களுக்கும் இடையே தொடர்பு ஏற்பட்டது.

அந்த ஆய்வகத்தில் மூத்தாலும் பச்சை மாறாத ஒரு புல் இருந்தது. மேய்ச்சல் புல் வகைகளுள் ஒன்றான புல்வெளி பெஸ்கியூவில் தோன்றிய ஒரு மரபுப் பிறழ்வு, இலை உதிரும் நிலையிலும் பச்சையத்தைச் சிதைக்க இயலாததாக இருந்ததைத் தாமஸ் தம் சக ஆய்வாளருடன் 1975-இல் விவரித்திருந்தார். பின்னர் அப்பண்பு, இனக்கலப்பின் வழியாக, நெருங்கிய உறவுடைய ரை புல்லுக்கும் மாற்றப்பட்டது. பசுமை மாறாப் புல் என்று தமிழில் சொல்லத்தக்க இவ்வகையைக் கொண்டு அக்ராய்டும் ஹார்வியும் தாயும் சேயும் உள்ளிட்ட உருவங்களை வளர்த்து உலர்த்தியபோது, வழக்கமான புல்லில் மங்கிப் போகும் படம் நெடுநாள் நின்றது. இப்பிறழ்வைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எளிதில் எழக்கூடும். இந்தப் புல் முதுமையை வென்றதன்று. அதன் இலையில் ஒளிச்சேர்க்கைத் திறன் மற்றப் புற்களில் குறைவதைப் போலவே குறைந்து போகிறது, நிறம் மட்டுமே எஞ்சுகிறது. அறிவியலர் இதை ஒப்பனைப் பசுமை என்ற பொருளிலேயே வகைப்படுத்துகின்றனர். மூப்பிலும் உண்மையாகவே ஒளிச்சேர்க்கையைத் தொடரும் செயற்பாட்டுப் பசுமை வேறொன்று. கதிர் முற்றும் பருவத்தில் வறட்சி தாக்கினாலும் இலை காயாமல் நிற்கும் சோள வகைகளில் காணப்படும் அப்பண்பை, ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் உள்ளிட்ட பல ஆய்வு நிலையங்கள் பயிர்ப் பெருக்கத்துக்குப் பயன்படுத்தி வருகின்றன. உழவருக்கு உதவுவது செயற்பாட்டுப் பசுமை. கலைஞருக்கு உதவியது ஒப்பனைப் பசுமை.

தாவரம் தன் பச்சையத்தை ஏன் வலிந்து அழிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆண்டுதோறும் உலகில் நூறு கோடி டன்னுக்கும் மேலான பச்சையம் இவ்வாறு சிதைவதாக மதிப்பிடப்படுகிறது. ஆயினும் அது எந்தெந்தப் படிகளின் வழியே சிதைகிறது என்பது 1990-களுக்கு முன்பு பெரும்பாலும் அறியப்படாமலே இருந்தது. இலை உதிர்வதற்கு முன் அதிலுள்ள நைட்ரஜனைத் திரும்பப் பெற்று விதைக்கோ தண்டுக்கோ அனுப்புவது தாவரத்துக்கு இன்றியமையாதது. அந்த நைட்ரஜனில் பெரும்பங்கு பசுங்கணிகத்தின் புரதங்களில் அடங்கியுள்ளது. அப்புரதங்களுள் ஒரு முக்கியப் பிரிவு பச்சையத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால், பச்சையத்தை அகற்றாமல் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. புரதத்திலிருந்து விடுபட்ட பச்சையமோ அப்படியே விடத்தக்கதன்று: அது ஒளியைத் தொடர்ந்து உறிஞ்சி, அந்த ஆற்றலைப் பயன்படுத்த வழியின்றி ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, உயிரணுவைச் சிதைக்கும் வீரியமிக்க ஆக்சிஜன் வடிவத்தை உண்டாக்கும். எனவே தாவரம் அதன் நடுவிலுள்ள மக்னீசிய அணுவைப் பிடுங்கி, வளையத்தை அறுத்து, நிறமற்ற துண்டுகளாக்கி, உயிரணுவின் நுண்குமிழியில் ஒதுக்கி வைத்துவிடுகிறது. பச்சைய மூலக்கூறிலேயே நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருந்தும் அவற்றை மீட்கத் தாவரம் முயல்வதில்லை.

பசுமை மாறாப் புல்லில் பழுதுபட்டிருப்பது இந்தச் சிதைவுப் பாதையின் தொடக்கப் படியே. அதற்குரிய மரபணுவைத் தேடிய அபெரிஸ்ட்வித் ஆய்வாளர்கள், புல்லின் மரபணு வரிசையை நெல்லின் வரிசையோடும் பின்னர் பட்டாணியோடும் ஒப்பிட்டுச் சென்று, 2007-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட முடிவு எவரும் எளிதில் எதிர்பார்த்திராத ஒன்று: புல்லைப் பச்சையாகவே நிறுத்தும் மரபணுவும், கிரிகோர் மெண்டல் தம் பட்டாணிச் சோதனைகளில் பின்தொடர்ந்த ஏழு பண்புகளுள் ஒன்றாகிய வித்திலை நிறத்தை முடிவு செய்யும் மரபணுவும் ஒன்றே. அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்றும் இதே முடிவுக்கு வந்தது. மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மஞ்சள் வித்திலையும் பச்சை வித்திலையும் உடைய வகைகளைக் கலந்து பெற்ற இரண்டாம் தலைமுறையில் 6,022 மஞ்சள் விதைகளும் 2,001 பச்சை விதைகளும் கிடைத்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்னும் அந்த விகிதமே மரபியலின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. மஞ்சள் பட்டாணி என்பது முற்றும்போது தன் பச்சையத்தை ஒழுங்காகச் சிதைத்த விதை. பச்சைப் பட்டாணி என்பது அம்மரபணு பழுதுபட்டதால் சிதைக்க இயலாமல் போன விதை. மளிகைக் கடையில் ஒன்றன் அருகே ஒன்றாக மூட்டைகளில் நிற்கும் உலர்ந்த பச்சைப் பட்டாணிக்கும் மஞ்சள் பட்டாணிக்கும் இடையே உள்ள நிற வேறுபாடு இதுவே. அம்மரபணு உண்டாக்கும் புரதம் செய்யும் வேலை என்ன என்பது 2016-இல் மற்றொரு ஜப்பானிய ஆய்வில் தெளிவாயிற்று: பச்சையத்தின் நடுவிலிருந்து மக்னீசியத்தை நீக்கும் நொதியே அது. மெண்டல் எண்ணிக்கையாகக் கண்டதை வேதியியலாக விளக்கச் சரியாக 150 ஆண்டுகள் ஆயின.

கலை அறிவியலுக்கு உதவியது என்று இக்கதையை மிகைப்படுத்துவது பொருந்தாது. மெண்டலின் மரபணுவைக் கண்டது புல் படம் அன்று. பல்லாண்டு பொறுமையான தாவர ஆய்வே அதைக் கண்டது. ஆனால் கலையும் அறிவியலும் கைகோப்பதாகச் சொல்லப்படும் முயற்சிகளில் பெரும்பாலானவை, அறிவியலர் எடுத்த நுண்ணோக்கிப் படத்துக்குக் கலைஞர் வண்ணம் தீட்டுவதோடு முடிந்துவிடுகையில், இங்கே ஒரு கலைஞரின் நடைமுறைச் சிக்கலும் ஓர் அறிவியலரின் ஆய்வுக் கேள்வியும் ஒரே மூலக்கூறில் சந்தித்தன என்பதை மறுக்க முடியாது. இவர்களின் ஏனைய பணிகள் இந்த அளவுக்கு அறிவியல் ஆழம் உடையவை என்று சொல்லிவிட முடியாது. இலண்டனில் கைவிடப்பட்ட டில்ஸ்டன் குரோவ் தேவாலயத்தின் உட்சுவர்களை 2003-இலும், தேசிய அரங்கத்தின் உயர்ந்த மேடைக் கோபுரத்தின் வெளிச்சுவர்களை 2007-இலும் புல்லால் போர்த்திய படைப்புகள் அளவினால் மலைக்க வைப்பவை. கேள்வி எழுப்புபவை அல்ல. ஜெர்மானியக் கலைஞர் யோசப் பாய்ஸ் 1982-இல் காசல் நகரில் ஒவ்வொன்றன் அருகிலும் ஒரு கருங்கல் தூணோடு நடத் தொடங்கிய ஏழாயிரம் மரங்களின் ஓக் விதைகளை 2007-இல் சேகரித்து, முளைக்க வைத்து, அவ்வாறு வளர்ந்த நூறு ஓக் மரக்கன்றுகளை 2021-இல் இலண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் நிறுத்திய பணி, சூழலியல் அக்கறைக்காகப் பாராட்டத்தக்கதே. எனினும் தாவரத்தின் உள்ளியக்கத்தை வெளியே கொண்டுவந்து காட்டுவதில் புல் படங்களுக்கு அது ஈடாகாது.

இப்படங்களின் அறிவியலைச் சோதித்துப் பார்க்கப் பெரிய கூடமோ ஒளிவீச்சுக் கருவியோ தேவையில்லை என்பதால், பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஊறவைத்த கோதுமையை ஆழமற்ற தட்டில் ஈரமண்ணின் மேல் நெருக்கமாகப் பரப்பி, ஒளி புகாத பெட்டியால் மூடி, மஞ்சள் முளைகள் விரலளவு உயரும்வரை காத்திருந்து, எழுத்தோ உருவமோ வெட்டிய தடித்த கறுப்பு அட்டையை முளைகளின் நுனியை ஒட்டினாற்போல் பொருத்தி, நேர்மேலிருந்து மிதமான விளக்கொளி விழுமாறு வைத்தால் போதும். ஒளி பக்கவாட்டிலிருந்து விழுந்தால் முளைகள் அப்பக்கம் சாய்ந்து உருவம் சிதையும். ஓரிரு நாளில் உருவம் பச்சையாகத் தெளியும். அட்டையை எடுத்தபின் திறந்த வெளிச்சத்தில் அது சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும் என்பதால், மாணவர்கள் அதைப் படமெடுத்துக் குறிப்பேட்டில் பதிவதை மறுநாளுக்குத் தள்ளிப் போடக் கூடாது.